டார்காவுக்கு வைத்த தட்டு

டன்லோ, சஸ்காச்சுவான்
29 டிசம்பர் 1952

மதிப்பிற்குரிய திரு. திமோஃபி கோவ்பெல் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் மனைவியும் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. நான் அனுப்பிய தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் அதிகம் எழுத முடியாது. மீதியை இங்கே எழுதுகிறேன். பதினேழாம் தேதி மத்தியானம் பள்ளியில் இருக்கும்போது உங்கள் மகளும் என் மனைவியுமான ஒடார்காவுக்கு வயிற்றுவலி வந்திருக்கிறது. வெளியே பனிப்புயல் திரண்டுகொண்டிருந்தது. பிள்ளைகளை அனுப்பினால் வழியில் மாட்டிக்கொள்வார்கள் என்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தியிருக்கிறாள். அப்பாக்கள் வந்து கடைசிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது இருட்டிவிட்டது. சாலை மூடியிருந்ததால் குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல்வால் ஏற்கனவே வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் இறந்தாள்.

அவளுடைய பெட்டியை ரயிலில் அனுப்பியிருக்கிறேன். துணிகள், இரண்டு ஜோடி செருப்பு, உங்கள் மனைவி பூவேலை செய்து கொடுத்த சட்டை எல்லாம் அதில் இருக்கின்றன. பூட்டு கொஞ்சம் இறுகும். இடப்பக்கமாக அழுத்தித் திருப்பினால் திறக்கும்.

இங்கே பனி பெய்துகொண்டிருக்கிறது. நான் சுகம்.

இப்படிக்கு,
ஹால்வர் நைகார்ட்


வெர்பிவ்கா
12 ஜனவரி 1953

திரு. நைகார்ட் அவர்களுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா என்று என் மனைவி பராஸ்கா கேட்கச் சொல்கிறாள். கேட்டுவிட்டேன்.

தந்தி வந்த அன்றே கிளம்பினோம். ரயில் பாதி வழியில் பனியில் புதைந்து நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தோம். பெட்டி வந்து சேர்ந்தது. பூட்டு நீங்கள் சொன்னபடிதான் திறந்தது.

எங்கள் வழக்கம் உங்கள் ஆட்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். பழைய நாட்காட்டிப்படி எங்களுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து ஜனவரி ஆறாம் தேதி சாயங்காலம். அன்றைக்கு அந்த வீட்டில் இறந்தவர்களுக்கென்று மேசையில் ஒரு தட்டு வைப்போம். தேனும் கசகசாவும் போட்ட கோதுமையில் முதல் கரண்டி அதில்தான் விழும். எங்கள் டார்கா, உங்கள் ஒடார்கா, எங்கள் கோவிலை விட்டு உங்கள் கோவிலில் போய் உங்களைக் கட்டிக்கொண்ட வருஷம், எனக்கு மகள் செத்துவிட்டாள் என்று சொல்லி அவளுக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னவன் நான்தான். ஆறு வருஷமும் வைத்தோம், உயிரோடு இருந்தவளுக்கு.

இந்த ஆறாம் தேதியும் பராஸ்கா அந்தத் தட்டை எடுத்து வந்தாள். நான் அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். "இனிமே இந்த வீட்ல அந்தத் தட்டு வேண்டாம்"னு சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்கச் சொன்னது மட்டும்தான்.

அவளை எங்கே புதைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

திமோஃபி கோவ்பெல்


வடக்கு மின்பாதை முகாம்
30 ஜனவரி 1953

மதிப்பிற்குரிய திரு. கோவ்பெல் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் டன்லோவுக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு நேற்று வந்தது. நான் இப்போது வடக்கே புதிய மின்பாதை வேலையில் இருக்கிறேன். கேட்டு வாங்கிக்கொண்டு வந்த வேலை. சாப்பாடு பரவாயில்லை. உங்கள் மனைவியிடம் சொல்லவும்.

ஒடார்காவைப் புதைக்கவில்லை. டன்லோவில் கல்லறைத் தோட்டத்தின் ஓரமாகக் கல்லால் கட்டிய ஓர் அறை உண்டு. பனிக்காலத்தில் மண் உறைந்துவிடுவதால், இறந்தவர்களை அது இளகும்வரை அங்கே வைப்பார்கள். அங்கே இருக்கிறாள். சாவி கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோவில்பிள்ளையிடம் இருக்கிறது.

தட்டு விஷயம் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஒரு உதவி. டன்லோ பள்ளிக் குழுவின் தலைவர் திரு. பியட்டி, ஏப்ரலில் பள்ளியில் அவளுக்காக ஒரு கூட்டம் நடத்தப்போவதாக எழுதியிருக்கிறார். அவள் வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார். எட்டு வருஷம் அங்கே பாடம் சொல்லியிருக்கிறாள். கல்யாணமான பெண் வேலையை விட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆள் வந்தபோது, அப்படியானால் எங்கள் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் மாட்டுக்கொட்டகையிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிய ஊர் அது. நான் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிகிறது, இருபத்திரண்டு வயதுக்கு முந்தைய ஒடார்காவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததை எழுதினால் உதவியாக இருக்கும்.

உங்கள் இருவர் நலனுக்கும் என் வாழ்த்து.

ஹால்வர் நைகார்ட்


வெர்பிவ்கா
8 பிப்ரவரி 1953

திரு. நைகார்ட் அவர்களுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். என் வலது முழங்கால் வீங்கியிருக்கிறது, அது ஒவ்வொரு பிப்ரவரியிலும் வீங்கும்.

உங்கள் வேலை பனியில் கம்பம் நடுவது. மண் இறுகிப்போன பிறகும் உங்கள் ஆட்கள் எங்கள் பக்கத்தில் கம்பம் நட்டுக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கம்பத்துக்குக் குழி தோண்ட முடிகிறது, அவளுக்கு முடியவில்லையா? இங்கே ஜனவரியில் யாராவது செத்தால் இரண்டு நாள் வைக்கோலும் கரியும் போட்டு எரித்து மண்ணை இளக்குவோம். பாதிரியார் வந்து மண்வெட்டியால் குழியின் நான்கு பக்கமும் சிலுவை போட்டு மூடி முத்திரை வைப்பார். நாற்பதாம் நாள் பூசை செய்தோம், குழி எங்கே என்று தெரியாமலே. உங்கள் கடிதம் வந்த பிறகு பாதிரியார் மறுபடி கேட்டார், எங்கே என்று. ஒரு அறையில் என்று சொன்னேன்.

உங்கள் கடிதம் ஒவ்வொன்றும் வேறு ஊரிலிருந்து வரும் போலிருக்கிறது. அவள் மட்டும் ஒரே இடத்தில் இருக்கிறாள்.

அவளை இங்கே அனுப்பிவையுங்கள். எங்கள் கோவில் பின்னால் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. இது ஒன்று.

இன்னொன்று. தட்டு விஷயம் தெரிந்தபோது அவள் என்ன சொன்னாள்?

நீங்கள் கேட்டதற்கு. பிறந்தது 1923, அறுவடைக்கு முந்தின வாரம், நாங்கள் களிமண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய முதல் வீட்டில். பிறக்கும்போது வீட்டுக்குக் கூரை பாதிதான் இருந்தது. வெள்ளையடித்த அடுப்புச் சுவரில் கரிக்கட்டியால் எழுதுவாள். ஈஸ்டருக்கு ஈஸ்டர் பராஸ்கா வெள்ளையடிப்பாள். மறுநாளே டார்கா மறுபடி எழுதுவாள். இது போதுமா?

திமோஃபி கோவ்பெல்


மின்பாதை முகாம்
1 மார்ச் 1953

மதிப்பிற்குரிய திரு. கோவ்பெல் அவர்களுக்கு,

முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை ஒத்தடம் நல்லது என்று எங்கள் சமையல்காரர் சொல்கிறார். இங்கே குளிர் குறையவில்லை. என் இடதுகையில் இரண்டு விரல் நுனிகள் பனியில் மரத்துவிட்டன. உணர்ச்சி திரும்பிவிடும் என்றார்கள். அவசரமில்லை.

நீங்கள் எழுதியது சரிதான். மண்ணை இளக்குவது பெரிய வேலை இல்லை. வைக்கோலுக்கு மேல் கரியைப் பரப்பி, பழைய தகரப் பீப்பாயை வெட்டி மேலே கவிழ்த்துவிட்டால் சூடு மேலே போகாமல் கீழே இறங்கும். ஒவ்வொரு நாளும் செய்கிறோம். டிசம்பரில் டன்லோவிலும் செய்திருக்கலாம். பியட்டியும் மற்றவர்களும் வந்து கேட்டார்கள். வேண்டாம், வசந்தம் வரட்டும் என்று சொன்னேன்.

அடுப்புச் சுவரில் எழுதியது உபயோகமாக இருக்கும். பள்ளியில் அவள் எப்படி இருந்தாள், ஆசிரியையாக வேண்டும் என்று எப்போது சொன்னாள், இவையும் தேவை. விலங்குகள் மேல் பிரியம் என்று எழுதலாமா?

உங்கள் மனைவியின் நலத்தை விசாரித்ததாகச் சொல்லவும்.

ஹால்வர் நைகார்ட்


வெர்பிவ்கா
10 மார்ச் 1953

திரு. ஹால்வர் அவர்களுக்கு,

உங்கள் விரல் விஷயத்தைப் படித்துக் காட்டியதும் பராஸ்கா வாய் திறந்தாள். "அந்தப் பையனுக்கு அங்க கையுறை கொடுக்க யாரும் இல்லையா"ன்னு கேட்டாள். அவள் கொடுத்த கையுறை இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது, இரட்டைக் கம்பளி. போட்டுக்கொள்ளுங்கள். உப்பு மூட்டை ஒன்றும் செய்யவில்லை, உங்கள் சமையல்காரரிடம் சொல்லுங்கள்.

விலங்குகள் மேல் பிரியம் என்று எழுதாதீர்கள். வாத்துக்கு அவளைக் கண்டால் ஆகாது, அவளுக்கு வாத்தைக் கண்டால் ஆகாது. ஒருமுறை கடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை நாங்கள் தின்றோம். அவள்தான் முதல் துண்டு கேட்டாள்.

ஆசிரியையாக வேண்டும் என்று அவள் எப்போதும் சொன்னதில்லை. ஒன்பது வயதிலேயே ஆசிரியையாகத்தான் இருந்தாள். நான் இந்த நாட்டுக்கு வந்தது கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக்குறி போட்ட ஆளாக. பள்ளியில் இவளுக்கு இந்த நாட்டுப் பாஷையைச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பனிக்காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் எனக்கு வகுப்பு. ஒருநாள் மாடு கறக்க நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

"மாடு ஒண்ணும் ஓடிடாதுப்பா. போய் மூலையில நில்லுங்க," என்றாள்.

நின்றேன். பராஸ்கா சிரித்ததில் அவள் கையிலிருந்த மாவு முழுக்கக் கீழே கொட்டியது.

நான் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படிப்பேன், வரி எங்கே போகிறதென்று தெரியாது. அவள் சொன்னாள், "உழும்போது கொழுவைப் பாக்காதே, வயல் கடைசியில இருக்கிற வேலிக்கம்பத்தைப் பாருன்னு எனக்குச் சொல்றீங்கல்ல? இதுவும் அதேதான். வரி கடைசில கண்ணை வைங்க." அப்படித்தான் படிக்கக் கற்றேன். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படிக்கிறேன். இன்னும் மெதுவாகத்தான்.

பதினேழு வயதில், தூசிப் புயல் அடித்த அந்தக் கெட்ட வருஷங்கள் முடிந்த கையோடு, ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். அதற்காக நான் குதிரை ஜோடியை விற்றேன். அதை எழுத வேண்டாம்.

அவளை அனுப்புவது பற்றி நீங்கள் பதில் எழுதவில்லை. தட்டைப் பற்றியும் எழுதவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. நான் வைத்த தட்டுதான் அவளை வாரிக்கொண்டு போனதா என்று யோசிக்காமல் ஒரு நாளும் நான் பால் கறக்கவில்லை. என்னைப் பற்றி அவள் கடைசியாக என்ன நினைத்தாள் என்று தெரிந்தால், அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று பார்த்துக்கொள்வேன்.

திமோஃபி


மின்பாதை முகாம்
29 மார்ச் 1953

மதிப்பிற்குரிய ஐயா,

கையுறை கிடைத்தது. அளவு சரியாக இருக்கிறது. உங்கள் மனைவிக்கு நன்றி.

எழுதிய பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தவறு இருந்தால் திரு. பியட்டிக்கு எழுதுங்கள். என்னால் கூட்டத்துக்குப் போக முடியாது, மின்மாற்றிகள் வந்து இறங்குகிற வாரம். பியட்டி படிப்பார்.

பக்கத்தின் பிற்பகுதி எனக்குத் தெரிந்த விஷயங்கள். அவளை நான் முதல் தடவை பார்த்தது டன்லோ பள்ளிக்கு விளக்கு போடப் போனபோதுதான். அவள் பிள்ளைகளிடம், "இவரு கம்பத்துக்காரர். ரெண்டு நாளா ஏணியில நிக்கறார், இன்னும் ஒரு விளக்கும் எரியல. பொறுமைன்னா என்னன்னு பாத்துக்கங்க," என்றாள். மூன்றாம் நாள் எரிந்தது. அப்போதும் அவள் பாடத்தை நிறுத்தவில்லை. இதை எழுதவில்லை. எழுதியது வேறு: பனிக்காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு கொண்டுவரும், அதில் தன் பெயரைக் கீறியிருக்கும், காலையில் அடுப்பில் போட்டால் மத்தியானம் வெந்திருக்கும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குக் கிழங்கு கிடைக்காமல் போகாது, ஆனால் கடைசியில்தான் கிடைக்கும். முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் பெயர் எழுதக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

அதை நான் இப்போது எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. விவரமாகச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட இரண்டைப் பற்றியும் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் குணமாகட்டும்.

ஹால்வர்


வெர்பிவ்கா
20 ஏப்ரல் 1953

ஹால்வர் அவர்களுக்கு,

பராஸ்காவும் நானும் நலம். முழங்கால் ரயிலில் மடக்கி உட்கார்ந்ததில் மறுபடி வீங்கியிருக்கிறது. ஆமாம், ரயிலில்தான். டன்லோ போய் வந்தோம்.

யாரும் கூப்பிடவில்லை. ஆனால் உங்கள் பக்கத்தைப் படித்த பிறகு, அதை முகம் தெரியாத ஒரு பியட்டி படிக்கக்கூடாது என்று தோன்றியது. நல்ல மனிதர்தான். காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பள்ளி நிறைய ஆட்கள். ஜன்னலுக்கு வெளியேயும் நின்றார்கள். எழுந்தேன். கண்ணாடியை மாட்டினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், எர்மா என்று பிறகு சொன்னாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க டீச்சரோட அப்பாவா?"

ஆமாம் என்றேன்.

"எங்க அப்பா ரொம்ப மெதுவாப் படிப்பாரு, ஆனா ஒரு வார்த்தையையும் விடமாட்டாருன்னு டீச்சர் சொல்லுவாங்க. வரி கடைசில கண்ணை வைங்க, வந்துரும்."

வந்தது. முழுவதையும் படித்தேன். வாத்துக்கதையில் சிரித்தார்கள். நீங்கள் அதை எழுதியிருந்தது எனக்குப் பிடித்தது. உருளைக்கிழங்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வெளியே நின்ற பெரிய பையன்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பராஸ்காவுக்கு பாஷை பாதிதான் புரியும், ஆனால் அவள்தான் எல்லாருக்கும் முன்னால் அழுதாள். ஒரு அம்மா வந்து அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

கல் அறைக்கும் போனேன். கணவர் சொல்லாமல் திறக்க முடியாது என்றார் கோவில்பிள்ளை. சரியான பேச்சு. கதவில் கை வைத்துவிட்டு வந்தேன். இரும்புக் கதவு, வெயிலில் கொஞ்சம் சூடாக இருந்தது.

அவளை இங்கே அனுப்பச் சொன்னதை விட்டுவிடுகிறேன். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியில் அந்தத் தோட்டம் இருக்கிறது. என் அம்மாவுக்குத் துணைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அங்கேயே இருக்கட்டும். குழி மட்டும் நான் தோண்டுகிறேன். முழங்காலைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

தட்டைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன்.

திமோஃபி


டன்லோ
6 மே 1953

அன்புள்ள மாமா,

நலமா? அத்தை நலமா? நான் முந்தாநாள் டன்லோ திரும்பினேன். விரல்களில் ஒன்றுக்கு உணர்ச்சி வந்துவிட்டது, வலிக்கிறது. நல்ல அறிகுறி என்கிறார்கள்.

மேல்மண் இளகிவிட்டது. மூன்றடிக்குக் கீழே இன்னும் இறுகித்தான் இருக்கிறது. நீங்கள் வருவதற்கு முன்னால் கரிபோட்டு இளக்கி வைக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை. மண்வெட்டி இங்கே இருக்கிறது, உங்களுக்குப் பழகியதுதான் வேண்டுமென்றால் கொண்டுவாருங்கள். உங்கள் பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான்கு பக்கமும் முத்திரை வைக்கட்டும். எங்கள் பாதிரியாரிடம் பேசிவிட்டேன். "ரெண்டு பேர் ஜெபம் பண்ணா குறைஞ்சா போயிடும்"னு சொன்னார்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரி. உங்கள் ஊரிலிருந்து இங்கே வாழ வந்த ஒரு பெண் கடையில் வைத்து அவளிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் மேல்கோட்டைக் கழற்றாமல் ஜன்னலில் படிந்த பனியை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். நான் மேசையில் ஒரு ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தேன்.

"எங்க வீட்ல செத்தவங்களோட சேத்து எனக்கும் தட்டு வைக்கிறாங்களாம்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்று காகிதத்தைத் தேடினேன்.

"நீ ஒண்ணும் எழுதாதே, கம்பத்துக்காரா. உனக்கு எங்க ஆளுங்களைத் தெரியாது. எங்கப்பாவுக்கு நெசமாவே நான் வேண்டாம்னா தட்டே வச்சிருக்க மாட்டார். பேரைச் சொல்லாம விட்டிருப்பார், அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் சுரண்டினாள். பிறகு திரும்பினாள். "எங்கம்மா கையால முதல் கரண்டி எனக்குத்தான் விழுது. உயிரோட இருக்கிற எவளுக்காவது அது கிடைச்சிருக்கா?"

சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. இரண்டையும் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அடுத்தடுத்த வருஷங்களில் ஜனவரி ஆறாம் தேதி சாயங்காலம் வேலையை நிறுத்திவிட்டு, "இப்ப எனக்கு வைக்கிறாங்க," என்பாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

இதை ஜனவரியிலேயே எழுதியிருக்கலாம். அவள் பேசியதில் என்னிடம் மட்டும் இருந்தது கொஞ்சம்தான். கொடுத்துவிட்டால் குறைந்துவிடும் போல இருந்தது. மண் இளகட்டும் என்று சொன்னதும் ஏறக்குறைய அதனால்தான்.

வியாழக்கிழமை ரயிலடியில் நிற்பேன். அத்தை படிகளில் பார்த்து இறங்கட்டும்.

ஹால்வர்


வெர்பிவ்கா
15 டிசம்பர் 1953

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? இங்கே எங்கள் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்கள் மின்பாதை எங்கள் சாலை முனைவரை வந்து நிற்கிறது. எங்கள் வீட்டுக்கும் மின்சாரம் வாங்கக் கையெழுத்துப் போடச் சொல்லி உங்கள் அலுவலக ஆள் வந்தான். இவ்வளவு வருஷம் மாட்டேன் என்று சொன்னவன் உடனே போட்டுவிட்டதால் அவனுக்குச் சந்தேகம். இரண்டு முறை படித்துப் பாருங்கள் என்றான். பார்த்தேன். மெதுவாக.

மே மாதத்துக்குப் பிறகு நீங்கள் ஒரே ஒரு அஞ்சலட்டைதான் போட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைக்குக் குழிக்குள் நான் பாதியில் மூச்சு வாங்கி நின்றபோது, நீங்கள் இறங்கி மண்வெட்டியை வாங்கிக்கொண்டீர்கள். அதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. எர்மா என்கிற அந்தப் பெண் எனக்குக் கடிதம் எழுதுகிறாள். புது டீச்சர் கிழங்கில் பெயர் கீறச் சொல்வதில்லையாம். ஆனால் பிள்ளைகள் விடவில்லையாம், தாங்களாகவே கீறிக்கொண்டு போகிறார்களாம். சனிக்கிழமைகளில் நீங்கள் கல்லறைத் தோட்டத்தில் நிற்பதைப் பார்த்ததாகவும் எழுதினாள்.

இப்போது ஒரு விஷயம். பராஸ்கா நேற்று அலமாரிச் சாவியைக் கேட்டாள். தட்டை எடுத்துத் துடைத்து வைக்க வேண்டுமாம். நான் கொடுக்கவில்லை. நீங்கள் எழுதியதை அவளுக்கு எத்தனை தடவை படித்துக் காட்டினேன் என்று அவளுக்குத்தான் தெரியும். இருந்தாலும் என் கையால் அந்தத் தட்டை மறுபடி வைக்கத் தைரியம் இல்லை. "மாப்பிள்ளையைக் கேளுங்க. அவர் சொன்னா வைப்போம், வேண்டாம்னா இல்ல," என்கிறாள்.

கேட்டுவிட்டேன்.

உங்கள் மாமா,
திமோஃபி


டன்லோ
22 டிசம்பர் 1953

அன்புள்ள மாமா, அத்தை,

நலமாக இருக்கிறீர்களா? இரண்டு விரலும் சரியாகிவிட்டன. அத்தையின் கையுறைதான் இந்தக் குளிருக்கும்.

தட்டை எடுத்து வையுங்கள். முதல் கரண்டி டார்காவுக்கு, எப்போதும் போல. அவளுக்கு அது பிடிக்கும்.

அவள் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று வைக்கச் சொல்லுங்கள் அத்தையிடம். அதில் இரண்டாவது கரண்டி விழுந்தால் போதும், ஆனால் நிறைய விழட்டும். எனக்குப் பசி வர ஆரம்பித்திருக்கிறது.

ஆறாம் தேதி மத்தியான வண்டியில் வருகிறேன். பனி பெய்தால் வண்டி தாமதமாகும். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் நீங்கள் சாப்பிட உட்காருவீர்கள் என்று டார்கா சொல்லியிருக்கிறாள். நான் வந்து சேரும்வரை, வானத்தில் மேகம், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
ஹால்வர்